ஹூட் துடைக்க ஆல்கஹால் மட்டும் போதுமா?

எங்கள் ஆய்வகத்தில் செல் வளர்க்கும் ஐந்து ஃபிளாஸ்க்குகள் மூன்று வாரத்துக்குள் கெட்டுப்போயின. முந்தின நாள் மாலை தெளிவாக இருந்த மீடியம் (செல் வளரும் ஊட்டக் கரைசல்) காலையில் கலங்கி மஞ்சளாகியிருக்கும். மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் செல்களுக்கு நடுவே குச்சி குச்சியாக பாக்டீரியா. சில குச்சிகளுக்குள் மணி போல மின்னும் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிதான் ஸ்போர், பாக்டீரியாவின் தூங்கும் வடிவம்.

சீரத்தை மாற்றினோம், ஆன்டிபயாடிக்கை மாற்றினோம், இன்குபேட்டரின் தண்ணீர்த் தட்டைக் கழுவி ஆட்டோகிளேவ் செய்தோம் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கினோம்). கடைசியில்தான் யாரோ ஒருவருக்கு ஹூடுக்குள், அதாவது கிருமி படாமல் வேலை செய்வதற்கான காற்றுப் பெட்டிக்குள், இருக்கும் ஸ்டீல் தட்டைத் தூக்கிப் பார்க்கலாம் என்று தோன்றியது. தூக்கினோம். அடியில் காய்ந்துபோன மீடியம் இளஞ்சிவப்புப் படலமாக, நகத்தால் சுரண்டினால் செதிலாகப் பெயரும் அளவுக்கு ஒட்டியிருந்தது. மூலையில் ஒரு டிஷ்யூத் துண்டு. பின்பக்கக் காற்றுத் துளைகளின் கீழே சாம்பல் நிறத் தூசி, வரிசையாக.

இத்தனைக்கும் காலை ஒரு முறை, வேலை முடிந்ததும் ஒரு முறை, தவறாமல் 70 சதவீத ஆல்கஹால் போட்டுத் துடைத்துக்கொண்டுதான் இருந்தோம். அதற்குப் பிறகு எதைக் கொண்டு, எப்போது, எப்படிச் சுத்தம் செய்வது என்று முதலிலிருந்து யோசிக்க வேண்டியதாயிற்று. அந்த யோசனையில் எடைபோட்டுப் பார்த்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். புதிதாக ஆய்வகம் அமைப்பவர்களுக்கும், பழைய பழக்கத்தில் ஓடிக்கொண்டிருப்பவர்களுக்கும் முடிவெடுக்க உதவும்.

முதலில் உங்கள் பெட்டி எது என்று பாருங்கள்

"ஹூட்" என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் கூப்பிடுகிறோம். உண்மையில் இரண்டு வேறு கருவிகள். லேமினார் ஃப்ளோ பெஞ்ச் என்பது ஹெப்பா ஃபில்டர் வழியாக வந்த சுத்தமான காற்றை வேலை செய்யும் இடத்தின் மேல் ஓடவிட்டு, அப்படியே உங்கள் முகத்தை நோக்கி அனுப்புவது. பொருளுக்குப் பாதுகாப்பு, ஆளுக்கு இல்லை. பயோசேஃப்டி கேபினெட் வேறு. முன்பக்கத் துளைகள் வழியாக அறைக் காற்றை உள்ளே இழுப்பதால் உள்ளிருப்பது வெளியே வராது. மேலிருந்து ஃபில்டர் செய்த காற்று இறங்குவதால் பொருளும் கெடாது. அதிகம் புழக்கத்தில் இருக்கும் இரண்டாம் வகுப்பு ஏ2 வகையில், காற்றில் ஏறத்தாழ 70 சதவீதம் பெட்டிக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. மீதி 30 சதவீதம்தான் இன்னொரு ஹெப்பா வழியாக வெளியே போகிறது.

கிருமிநாசினியைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த வித்தியாசம் பெரிது. ஹெப்பா ஃபில்டர் துகளைப் பிடிக்கும். 0.3 மைக்ரான் அளவுத் துகளில் குறைந்தது 99.97 சதவீதத்தைப் பிடித்துவிடும். ஆனால் ஆவியைப் பிடிக்காது. எனவே பெஞ்சில் ப்ளீச்சோ பெராசெட்டிக் அமிலமோ போட்டால் அந்த நெடி நேராக உங்கள் மூக்குக்கு வரும். ஏ2 கேபினெட்டில் போட்டால் ஒரு பகுதி ஃபில்டரைத் தாண்டி அறைக்குள் வரும், மற்றது உள்ளேயே சுற்றும். ஆல்கஹால் ஆவியும் அப்படித்தான் சுற்றும். அதை அடுத்துப் பார்க்கலாம்.

ஆல்கஹால்: தினசரிக்கு நல்லது, தனியாகப் போதாது

ஏன் 70 சதவீதம் என்று புதிதாக வருபவர்கள் எல்லாரும் கேட்பார்கள். சுத்த ஆல்கஹால்தானே இன்னும் வலிமையாக இருக்க வேண்டும்? புரதத்தைச் சிதைக்க ஆல்கஹாலுக்குத் தண்ணீரின் துணை வேண்டும். தண்ணீர் இல்லாவிட்டால் செல்லின் வெளிப்புறம் மட்டும் உறைந்து நின்றுவிடும். அதோடு சுத்த ஆல்கஹால் நொடியில் பறந்துவிடும். தண்ணீர் கலந்தால் கொஞ்சம் அதிக நேரம் ஈரமாக நிற்கும்.

வளரும் நிலையில் உள்ள பாக்டீரியா, (கொழுப்பு) உறை உள்ள வைரஸ் இரண்டையும் ஆல்கஹால் நன்றாகவே கொல்லும். எச்சம் எதுவும் விடாது, ஸ்டீலை அரிக்காது, மலிவு, உடனே வேலையைத் தொடங்கலாம். தினசரி துடைப்புக்கு இதை விட்டு வேறு எதற்கும் நான் போக மாட்டேன்.

ஆனால் ஸ்போரை அது தொடுவதே இல்லை. தடித்த உறைக்குள், கிட்டத்தட்ட உலர்ந்த நிலையில் தூங்கும் பாசில்லஸ் ஸ்போர் ஆல்கஹாலுக்குள் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மருந்துத் தயாரிப்புக் கூடங்களில் ஆல்கஹாலையே 0.2 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டிப் பயன்படுத்துவது இதனால்தான். எங்கள் அழுத்து பாட்டில்கள் வருடக்கணக்காகக் கழுவப்படாமல், தீரத் தீர மேலே நிரப்பப்பட்டு வந்தவை. பாட்டிலின் அடியில் என்ன சேர்ந்திருந்தது என்று நாங்கள் பார்த்ததே இல்லை. எதைக் கொண்டு துடைத்தோமோ அதுவே ஸ்போரைப் பரப்பியிருக்கலாம் என்று புரிந்தபோது வருத்தமாகத்தான் இருந்தது. இப்போது பாட்டில் தீர்ந்தால் கழுவி, உலர்த்தி, அப்புறம்தான் நிரப்புகிறோம். கரைசலைத் தயாரிக்க ஆட்டோகிளேவ் செய்த தண்ணீர், பிறகு ஃபில்டர்.

இன்னொரு குறை, ஆல்கஹால் அழுக்கை எடுக்காது. சிந்திய சீரத்தின் மேல் ஆல்கஹாலை அடித்தால் அந்தப் புரதம் முட்டையின் வெள்ளைக்கரு வெந்ததுபோல் அங்கேயே உறைந்து ஒட்டிக்கொள்ளும். அதற்குள் இருக்கும் கிருமி பத்திரமாக இருக்கும். எனவே சிந்தினால் முதலில் தண்ணீரோ, நுரை குறைந்த சோப்புக் கரைசலோ போட்டுத் துடைத்துவிட்டு, பிறகு ஆல்கஹால்.

தீயைப் பற்றியும் சொல்ல வேண்டும். 70 சதவீத எத்தனாலின் தீப்பற்று வெப்பநிலை ஏறத்தாழ 17 டிகிரி செல்சியஸ். சாதாரண அறையின் வெப்பமே அதைத் தாண்டியது. காற்றில் எத்தனால் ஆவி 3.3 சதவீதத்தை எட்டினால் பற்றும் நிலை. உள்ளேயே சுற்றும் காற்றுள்ள கேபினெட்டில் கால் லிட்டரை ஊற்றித் துடைத்துவிட்டு, பக்கத்தில் பர்னரைப் பற்றவைப்பது உயிருக்கு ஆபத்து. பர்னரே இந்தப் பெட்டிக்குள் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. சுடர் மேலிருந்து இறங்கும் காற்றைக் கலைக்கிறது, வெப்பம் ஃபில்டரின் பசையைக் கெடுக்கிறது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் லூப்பும் (கிருமியைத் தொட்டெடுக்கும் வளையம்), மின்சாரத்தில் சூடாகும் சிறு ஸ்டெரிலைசரும் இருக்கும்போது அது தேவையும் இல்லை.

எத்தனாலா, ஐசோப்ரோபனாலா? பாக்டீரியாவுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். உறையில்லாத வைரஸ்களோடு வேலை செய்பவர்கள் எத்தனாலை எடுத்துக்கொள்ளலாம். ஐசோப்ரோபனால் அவற்றிடம் இன்னும் பலவீனம். அதற்காக எத்தனாலையும் முழுதாக நம்பிவிடக் கூடாது.

ப்ளீச்: சிந்தினால் மட்டும்

வீட்டு ப்ளீச்சில் 5 முதல் 6 சதவீதம் சோடியம் ஹைப்போகுளோரைட் இருக்கும். ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்தால் 0.5 சதவீதத்தை ஒட்டி வரும், அதாவது 5,000 பிபிஎம். இந்த அளவில் பாக்டீரியா, பூஞ்சை, உறை உள்ளதும் இல்லாததுமான வைரஸ் எல்லாம் சாகும். போதிய நேரம் ஈரமாக நின்றால் ஸ்போரும் சாகும். இவ்வளவு பரந்த வீச்சு இந்த விலையில் வேறெதற்கும் கிடையாது.

அப்படியானால் தினமும் இதையே போடலாமே என்று தோன்றும். ஸ்டீல் தாங்காது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காமல் இருப்பது அதன் மேல் படர்ந்திருக்கும் சில நானோமீட்டர் தடிமனுள்ள குரோமியம் ஆக்சைடுப் படலத்தால். குளோரைடு அந்தப் படலத்தை ஊசி குத்தியதுபோல் ஆங்காங்கே ஓட்டை போடும். முதலில் பழுப்புப் புள்ளி, பிறகு சிறு குழி. அந்தக் குழிக்குள் துணி போகாது, மருந்து சரியாக இறங்காது. மாலிப்டினம் சேர்ந்த 316 ரகம் 304-ஐ விடக் கூடுதலாகத் தாங்கும், ஆனால் அதுவும் எல்லையில்லாமல் தாங்காது. கேபினெட்டின் தட்டு மாற்றக்கூடியது, உள்சுவர் அப்படியல்ல.

அதனால் எங்கள் முடிவு இப்படி. மனித ரத்தம், வைரஸ் கல்ச்சர், பாக்டீரியாக் கல்ச்சர் போன்றவை சிந்தினால் ப்ளீச். உறிஞ்சும் தாளை மேலே விரித்து, வெளியிலிருந்து உள்நோக்கி ஊற்றி, 20 முதல் 30 நிமிடம் விட்டு, ஃபேனை நிறுத்தாமல் காத்திருந்து எடுத்துவிடுவது. பிறகு ஸ்டெரைல் தண்ணீரில் இரண்டு முறை துடைப்பது. அதற்குப் பிறகே ஆல்கஹால். ப்ளீச் ஈரமாக இருக்கும்போதே ஆல்கஹாலைக் கலப்பது கூடாது. அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு, அம்மோனியாவோடு சேர்ந்தால் குளோரமைன். டிஎன்ஏ, ஆர்என்ஏ பிரிக்கும் கிட்களில் உள்ள குவானிடின் தயோசயனேட் கரைசல் சிந்திய இடத்தில் ப்ளீச் ஊற்றினால் சயனைடு சார்ந்த நச்சு வாயு கிளம்பும். மூலக்கூறு உயிரியல் வேலை செய்பவர்களில் பலருக்கு இது தெரியாமலிருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஹூடின் பக்கத்தில் எழுதியே ஒட்டிவிடுங்கள்.

கலந்து வைத்த ப்ளீச் நாள் போகப் போக வலுவிழக்கும். அன்றன்றைக்குக் கலப்பதே வழி. போன வாரம் கலந்த பாட்டிலில் எவ்வளவு வலு மிச்சம் என்று உங்களுக்குத் தெரியாது.

குவாட்

நான்காம் நிலை அம்மோனியம் சேர்மங்களைச் சுருக்கமாகக் குவாட் என்கிறோம். வாசனை இல்லை, அரிக்காது, சோப்பு போல அழுக்கையும் கொஞ்சம் எடுக்கும். ஆனால் ஸ்போரைக் கொல்லாது, உறையில்லாத வைரஸிடமும் பெரிதாக எடுபடாது, பருத்தித் துணி அதை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். துடைத்த இடத்தில் படலமாகத் தங்கும். செல் கல்ச்சர் செய்யும் இடத்தில் அந்தப் படலம் எனக்குப் பிடிக்கவில்லை. அறையின் தரைக்கும் வெளி மேசைக்கும் வைத்துக்கொள்ளுங்கள், ஹூடுக்குள் வேண்டாம்.

ஸ்போருக்கு: பெராக்சைடா, பெராசெட்டிக் அமிலமா?

எங்கள் சிக்கலுக்கு உண்மையான விடை இங்கேதான் இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நல்ல உற்பத்தி நடைமுறை விதிகளில் ஸ்டெரைல் மருந்துகளுக்கான முதலாம் இணைப்பு, 2022 திருத்தத்தில், ஒன்றுக்கு மேற்பட்ட கிருமிநாசினிகளைப் பயன்படுத்த வேண்டும், இடையிடையே ஸ்போரைக் கொல்லும் மருந்தும் இருக்க வேண்டும் என்கிறது. மருந்துத் தயாரிக்காத ஆய்வகத்துக்கு அந்த விதி கட்டாயமில்லை. ஆனால் அதன் பின்னால் இருக்கும் காரணம் எல்லாருக்கும் பொருந்தும்.

கிருமிநாசினிகளை மாற்றி மாற்றிப் போடுவது "கிருமி பழகிவிடக் கூடாது என்பதற்காக" என்று பல இடங்களில் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆன்டிபயாடிக் விஷயத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்டிய எண்ணம் அது. ஒரே நேரத்தில் செல்லின் பல இடங்களைத் தாக்கும் மருந்துகளிடம் அந்தக் கவலை அவ்வளவாக இல்லை. இரண்டு குவாட்களை வாரம் ஒன்றாக மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தால் ஸ்போர் என்ற ஓட்டை அப்படியே திறந்துதான் கிடக்கும். அந்த ஓட்டையை அடைக்கும் இரண்டாவது மருந்து ஒன்று வேண்டும், அவ்வளவுதான்.

ஹைட்ரஜன் பெராக்சைடு கடைசியில் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் சிதைந்துவிடுகிறது. கலவைப் பொருள்கள் எதுவும் சேராவிட்டால் எச்சம் இல்லை. ஆனால் மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீதக் கரைசலை வாங்கி ஒரு தடவை தடவினால் ஸ்போர் சாகும் என்று நினைக்காதீர்கள். அந்த அளவில் அது மிக மெதுவாகவே வேலை செய்யும். போதாக்குறைக்குப் பல பாக்டீரியாக்களிடம் பெராக்சைடை உடைக்கும் கேட்டலேஸ் நொதி இருக்கிறது. ரத்தம் பட்ட இடத்தில் நுரைப்பதும் ரத்தத்தில் உள்ள அதே நொதியால்தான். ஸ்போருக்கு என்றே தயாரித்து விற்கும் பெராக்சைடு கரைசலை வாங்க வேண்டும். லேபிளில் ஸ்போரைக் கொல்லும் என்று எழுதியிருக்கிறதா, அதற்கு எத்தனை நிமிடம் ஈரமாக நிற்க வேண்டும் என்று எழுதியிருக்கிறதா, இரண்டையும் பாருங்கள். சில பாட்டில்களில் பாக்டீரியாவுக்கு ஒரு நேரமும் ஸ்போருக்கு அதைவிடப் பல மடங்கு நேரமும் போட்டிருப்பார்கள். பெரிய எழுத்தில் இருப்பது முதல் எண்தான்.

பெராசெட்டிக் அமிலம் இன்னும் வேகமானது. சிதைந்தால் அசெட்டிக் அமிலம், தண்ணீர், ஆக்சிஜன். அழுக்கு இருந்தாலும் ஓரளவு தாங்கி வேலை செய்யும். ஆனால் நெடி கண்ணையும் தொண்டையையும் எரிக்கும், செம்பையும் பித்தளையையும் அரிக்கும். லேமினார் பெஞ்ச் வைத்திருப்பவர்கள் அதைத் துடைத்துவிட்டு முன்னால் உட்கார முடியாது. சின்ன அறை, காற்றோட்டம் குறைவு என்றால் பெராக்சைடு. விசாலமான அறை, முகமூடியும் கண்ணாடியும் அணிந்து செய்யப் பழகிய ஆள், பிடிவாதமான ஸ்போர் தொல்லை என்றால் இரண்டும் கலந்த கரைசல். நாங்கள் பெராக்சைடைத் தேர்ந்தெடுத்தோம். வாரம் ஒரு முறை, வெள்ளிக்கிழமை மாலை, வேலை எல்லாம் முடிந்த பிறகு.

யுவி விளக்கு

இதைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். நிறைய ஆய்வகங்களில் துடைப்பதற்குப் பதிலாக யுவி (புற ஊதா) விளக்கைப் போடுகிறார்கள். நீல ஒளி எரிகிறது, பதினைந்து நிமிடம் ஆகிறது, "ஸ்டெரைல் ஆகிவிட்டது" என்று வேலையைத் தொடங்குகிறார்கள்.

அந்த விளக்கு கொல்வது 254 நானோமீட்டர் அலையால். அது கண்ணுக்குத் தெரியாது. நாம் பார்க்கும் நீல ஒளி கூடவே வரும் துணை ஒளி. விளக்கு பழசாகிக் கொல்லும் திறன் பாதியாகக் குறைந்த பிறகும் நீலம் அழகாக எரிந்துகொண்டிருக்கும். குழாயின் மேல் மெல்லிய தூசி படிந்தாலே அந்த அலை மேற்பரப்புக்கு முழுதாக வந்து சேராது. காய்ந்த மீடியத்துக்குள், பிப்பெட் ஸ்டாண்டின் நிழலில், தட்டின் அடியில், துளைகளுக்குள் அது போகவே போகாது. எங்கள் இளஞ்சிவப்புப் படலத்துக்கு மேலே ஒவ்வொரு இரவும் யுவி எரிந்திருக்கிறது. நடுவில் ஸ்டீல் தட்டு இருந்தது.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமும் தேசிய சுகாதார நிறுவனமும் சேர்ந்து வெளியிடும் உயிரியல் பாதுகாப்புக் கையேடு, கேபினெட்டுக்குள் யுவி விளக்கு தேவையும் இல்லை, பரிந்துரைக்கவும் இல்லை என்று நேரடியாகவே சொல்கிறது. இருந்தால் குழாயை வாரம் ஒரு முறை துடைக்க வேண்டும், வேலைப் பரப்பின் நடுவில் சதுர சென்டிமீட்டருக்கு 40 மைக்ரோவாட்டுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று மீட்டர் வைத்து அளக்க வேண்டும் என்கிறது. உங்கள் ஆய்வகத்தில் அந்த மீட்டர் இருக்கிறதா? இல்லையென்றால் விளக்கு வேலை செய்கிறதா என்று உங்களுக்குத் தெரியாது.

கேபினெட்டின் முன்கண்ணாடியை மூடாமல் எரியவிட்டு முன்னால் நின்றால் கண்ணில் மணல் விழுந்ததுபோன்ற எரிச்சல் சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும். பிளாஸ்டிக் ஸ்டாண்ட், பம்ப்பின் குழாய் எல்லாம் மஞ்சளித்து நொறுங்கும். புதிதாகக் கேபினெட் வாங்குபவர்கள் யுவி இல்லாமல் வாங்குங்கள், அந்தப் பணத்தை நல்ல துடைப்புத் துணிக்கும் ஸ்போர் மருந்துக்கும் போடுங்கள். ஏற்கெனவே இருந்தால் துடைத்த பிறகு கூடுதலாக எரியவிடுவதில் தவறில்லை. துடைப்பதற்குப் பதிலாக வேண்டாம்.

வாயு போடுவது உங்கள் வேலை அல்ல, ஆனால் எது என்று முடிவெடுப்பது உங்கள் வேலை

துணி எட்டாத இடம் ஹெப்பா ஃபில்டரும் அதற்குப் பின்னால் உள்ள காற்றறையும். ஃபில்டர் மாற்றும்போதும், உள்பாகங்களைத் திறந்து பழுது பார்க்கும்போதும், கேபினெட்டை வேறு இடத்துக்குக் கொண்டுபோகும்போதும் அந்த உட்புறத்தை வாயுவால் சுத்தம் செய்ய வேண்டும். இதைப் பயிற்சி பெற்ற சர்வீஸ் ஆட்களே செய்ய வேண்டும். ஆனால் "எந்த முறை வேண்டும்?" என்று அவர்கள் உங்களைக் கேட்பார்கள்.

ஃபார்மால்டிஹைடு பழைய முறை. பாராஃபார்மால்டிஹைடு தூளைச் சூடாக்கி வாயுவாக்குவார்கள். ஒரு கன மீட்டர் இடத்துக்கு ஏறத்தாழ 10.5 கிராம். காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும், குறைந்தது ஆறு மணி நேரம், பெரும்பாலும் ஓர் இரவு. முடிந்ததும் அம்மோனியம் பைகார்பனேட்டால் நடுநிலையாக்குவார்கள். மூலைமுடுக்கெல்லாம் ஊடுருவும், செலவு குறைவு. ஆனால் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் தொகுதியில் சேர்த்தது. முடிந்த பிறகு வெள்ளைத் தூளாக எச்சமும் படியும். அதைத் துடைக்காமல் கல்ச்சரைத் தொடங்கக் கூடாது.

ஆவியாக்கிய ஹைட்ரஜன் பெராக்சைடு அன்றைக்கே முடிந்துவிடும், எச்சம் விடாது, புற்றுநோய்க் கவலையும் இல்லை. கருவி விலை உயர்ந்தது என்பதால் சர்வீஸ் கட்டணமும் கூடும். தாள், அட்டை போன்ற செல்லுலோஸ் பொருள்கள் அந்த ஆவியை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் உள்ளே ஒன்றும் விடக் கூடாது. குளோரின் டைஆக்சைடு இன்னொரு வழி. உண்மையான வாயு என்பதால் நன்றாகப் பரவும், ஆனால் ஈரப்பதம் வேண்டும், வெளிச்சத்தில் சிதையும்.

என் தேர்வு பெராக்சைடு ஆவி. கேபினெட் மக்கள் நடமாடும் அறையில் இருக்கிறது, இரவு முழுவதும் தளத்தைக் காலி செய்ய முடியாது என்றால் யோசிக்கவே தேவையில்லை. எந்த முறையானாலும் ஸ்போர் தடவிய சோதனைப் பட்டையை உள்ளே வைத்து, பிறகு வளர்த்துப் பார்த்து, எதுவும் வளரவில்லை என்ற அறிக்கையைக் கேளுங்கள். பெராக்சைடுக்கு ஜியோபாசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ், ஃபார்மால்டிஹைடுக்கு பாசில்லஸ் அட்ரோஃபேயஸ் ஸ்போர்களை வைப்பது வழக்கம். பிரையான்களோடு (நோய் உண்டாக்கும் புரதங்கள்) வேலை செய்தவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஃபார்மால்டிஹைடு பிரையானை அழிக்காது.

இரவில் நிறுத்துவதா, ஓடவிடுவதா?

இதிலும் இரண்டு கட்சி உண்டு. ஓடிக்கொண்டே இருந்தால் உள்ளே தூசி இறங்காது, காலையில் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் மின்சாரம் போகும், ஃபில்டர் சீக்கிரம் அடைபடும். கட்டடத்தின் காற்று வெளியேற்றத்தோடு இணைத்த கேபினெட் என்றால் பொறியாளரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள், அறையின் காற்றழுத்தக் கணக்கே மாறிவிடும். தனியாக நிற்கும் கேபினெட்டை நாங்கள் இரவில் நிறுத்திக் கண்ணாடியை மூடிவிடுகிறோம். காலையில் போட்டதும் ஐந்து நிமிடம் ஓடவிட்டு, துடைத்துவிட்டு, அப்புறம் வேலை.

முன்புறம் உள்ள அழுத்தமானியின் எண்ணைத் திங்கள்தோறும் எழுதிவைப்பது நல்ல பழக்கம். ஃபில்டர் அடைபட அடைபட அது மெல்ல ஏறும். திடீரென மாறினால் ஏதோ தவறு. எங்கள் கேபினெட்டில் ஒருமுறை காற்றோட்ட அலாரம் விட்டுவிட்டு அடித்தது. கடைசியில் பார்த்தால் பின்பக்கத் துளை வழியாக ஒரு துடைப்புத் தாள் உறிஞ்சப்பட்டு ஃபேனுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தது. வருடத்துக்கு ஒரு முறையாவது, இடம் மாற்றினால் உடனேயும், காற்று வேகத்தையும் ஃபில்டர் கசிவையும் சோதித்துச் சான்று வாங்க வேண்டும். ஏ2 கேபினெட்டில் முன்பக்கம் உள்ளே இழுக்கும் காற்று நொடிக்கு சுமார் 0.5 மீட்டர் இருக்க வேண்டும். அது குறைந்த பெட்டியை எந்த மருந்து போட்டுத் துடைத்தும் பயனில்லை.

அடிப்பதா, துடைப்பதா?

ஸ்ப்ரே அடித்துவிட்டு அது தானாகக் காயட்டும் என்று விடுவது சுத்தம் செய்வதே இல்லை. துளிகளுக்கு நடுவே நனையாத இடம் இருக்கும். செத்த கிருமியும் சாகாத ஸ்போரும் அழுக்கும் இருந்த இடத்திலேயே இருக்கும். மேலே ஃபில்டரின் வலையில் ஸ்ப்ரே பட்டால் ஃபில்டரே கெடும். இழை உதிராத துணியைக் கரைசலில் நனைத்து, பிழிந்து, துடைப்பதுதான் சரி. ஆல்கஹால் கொல்லாமல் விட்ட ஸ்போரை ஈரமான துணி அள்ளிக்கொண்டு போகும்.

சுத்தத்திலிருந்து அழுக்கை நோக்கி வாருங்கள். பின்சுவரை மேலிருந்து கீழாக, பிறகு பக்கச் சுவர்கள், கண்ணாடியின் உட்புறம், கடைசியில் தட்டு; தட்டில் பின்னாலிருந்து முன்னால், ஒரே திசையில், முந்தின கோட்டின் மேல் கொஞ்சம் ஏறும்படி. வட்டம் வட்டமாகத் தேய்த்தால் எடுத்ததையே திரும்பப் பரப்புகிறோம். நான்காக மடித்த துணியில் ஒவ்வொரு முகத்தையும் ஒரு முறைதான் பயன்படுத்துங்கள். தலையை உள்ளே விடாதீர்கள். கை எட்டாத மூலைக்கு நீளப் பிடியுள்ள சின்ன துடைப்பான் வாங்கிக்கொள்ளலாம்.

அப்புறம் கடிகாரம். மருந்து கேட்கும் நேரத்துக்கு மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியும்படி ஈரமாக நிற்க வேண்டும். கேபினெட்டுக்குள் இறங்கும் காற்று எல்லாவற்றையும் வேகமாகக் காயவைக்கும். ஆல்கஹால் ஒரு நிமிடம் நிற்பதே பெரிது. பெராக்சைடு பத்து நிமிடம் கேட்டால் நடுவில் ஒரு முறை திரும்ப நனைக்க வேண்டியிருக்கும். நாங்கள் டைமர் வைக்கிறோம். டைமர் வைக்க ஆரம்பித்த பிறகுதான், முன்பு எவ்வளவு சீக்கிரம் துடைத்து முடித்துக்கொண்டிருந்தோம் என்பது தெரிந்தது.

மாற்றியது சரியாக வருகிறதா என்று பார்க்க, மாதம் ஒரு முறை ஊட்ட அகார் தட்டுகளை (கிருமி விழுந்தால் வளரும் ஜெல் தட்டுகள்) ஹூடுக்குள் நாலு மூலையிலும் நடுவிலும் அரை மணி நேரம் திறந்து வைத்து, வளர்த்துப் பார்க்கிறோம். முதல் மாதம் பின்மூலைத் தட்டில் இரண்டு காலனிகள். ஸ்டீல் தட்டைத் தூக்கிப் பார்த்தால் அந்த மூலையில் பழைய படலத்தின் மிச்சம் ஒரு விரல் அகலத்துக்கு இருந்தது. சோப்புக் கரைசலில் ஊறவைத்துத் தேய்த்து எடுத்து, பெராக்சைடு போட்டோம். அடுத்த மாதம் ஐந்து தட்டுகளும் காலி.

அடித்தட்டைத் தூக்கிச் சுத்தம் செய்த தேதியை இப்போது கண்ணாடிக்கு வெளியே மார்க்கரால் எழுதி வைக்கிறோம். அந்தத் தேதி ஏழு நாளைத் தாண்டியிருந்தால், அன்றைக்கு ஹூடுக்கு முதலில் வருபவர் வேலையைத் தொடங்கும் முன் தட்டைத் தூக்க வேண்டும்.